மான் வேட்டைக்கு உருமறைப்பு உடை தேவையா? அது யாருடைய கண்ணைப் பொறுத்தது

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி ஒருமுறை திரும்பச் சொல்கிறேன். உரிமம் எடுத்து, வரும் பருவத்தில் முதல் முறையாக மான் வேட்டைக்குப் போகவிருக்கிறீர்கள். உடன் வரும் அனுபவசாலி, தலை முதல் கால் வரை இலை அச்சிட்ட உருமறைப்பு உடை இல்லாமல் காட்டுக்குள் கால் வைக்கவே வேண்டாம் என்கிறார். நீங்கள் போகும் இடத்தின் விதிமுறையோ, துப்பாக்கிப் பருவத்தில் கண் கூசும் ஆரஞ்சு மேலங்கி கட்டாயம் என்கிறது. ஒளிந்துகொள்ளவும் வேண்டும், பளிச்சென்று தெரியவும் வேண்டும் என்றால் இதில் எது உண்மை, உருமறைப்பு என்பது வெறும் வியாபாரமா, கையில் இருக்கும் பழைய ராணுவப் பாணி உடுப்பே போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி உடையைப் பற்றியதாகத் தோன்றினாலும், மானின் கண்ணுக்கு நாம் எப்படித் தெரிகிறோம் என்பதைத்தான் நீங்கள் உண்மையில் கேட்கிறீர்கள். அது தெளிந்துவிட்டால் சட்டையைப் பற்றிய முடிவு தானாக வந்துவிடும்.

நான் காட்டுயிர் மருத்துவன். ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக என் வேலையின் பெரும்பகுதி மயக்க ஊசித் துப்பாக்கியோடு மான்களையும் காட்டுப்பன்றிகளையும் நெருங்குவதிலேயே கழிந்திருக்கிறது. மயக்க ஊசி தோட்டாவைப் போல நெடுந்தூரம் நேராகப் பாயாது; முப்பது மீட்டருக்குள் போனால்தான் தொடைத் தசையை நம்பிக் குறிவைக்க முடியும். வில்லோடு போகிறவர் நெருங்க வேண்டிய தூரமும் ஏறக்குறைய அதுதான். உரிமத்தோடு வில்லிலும் துப்பாக்கியிலும் சில பருவங்கள் வேட்டையாடியும் இருக்கிறேன். நான் சொல்லப்போவதில் மானைப் பற்றியவற்றை நம்பிக்கையோடு சொல்வேன். வாத்து, வான்கோழி பற்றிய என் நேரடி அனுபவம் குறைவு. ஓநாய், நரி போன்ற ஊனுண்ணிகளை ஒலியெழுப்பி அருகே வரவழைத்து வேட்டையாடும் முறையில் எனக்குப் பழக்கமே இல்லாததால் அதைத் தொடவில்லை.

நேரான பதில் இது. மானைப் பொறுத்தவரை உருமறைப்பு உடை உதவும், ஆனால் அது இல்லாமல் ஆகாது என்பதில்லை. உங்களைக் காட்டிக்கொடுப்பவற்றை வரிசையாக வைத்தால் காற்றோடு போகும் உடல் வாடை முதலில் வரும், அடுத்தது அசைவு, பின்னணியிலிருந்து பிரிந்து தெரியும் மனித உருவம் மூன்றாவது, உடையின் வெளிச்சமும் நிறமும் நான்காவது, அதன்மேல் அச்சிட்டிருப்பது எந்த மரத்து இலை என்பது கடைசியிலும் கடைசி. கடையின் விலைச்சீட்டு இந்த வரிசையைத் தலைகீழாக வைத்திருக்கிறது. இரண்டு சூழல்களில் மட்டும் உடையின் மதிப்பு கூடும்: ஒன்று, வில்லோடு தரையில் உட்கார்ந்து மிக அருகில் காத்திருக்கும்போது, மற்றொன்று, பறவை வேட்டையில். நூறு மீட்டருக்கு அப்பால் தொலைநோக்கி பொருத்திய துப்பாக்கியோடு பரணில் அமர்ந்திருப்பவருக்கு இலை அச்சு அநேகமாக எதையும் செய்துவிடாது.

ஏன் என்பதற்கு மானின் கண்ணிலிருந்து தொடங்க வேண்டும். நம் விழித்திரையில் நிறம் அறியும் கூம்பு செல்கள் மூன்று வகை. மானுக்கு இரண்டே வகை. வெள்ளைவால் மானிலும் ஃபாலோ மானிலும் விழித்திரையின் மின்துலங்கலை அளந்து 1994இல் வெளியான ஆய்வு இதை ஐயத்துக்கு இடமின்றி நிறுவியது. ஒரு வகைக் கூம்பு செல் 450 முதல் 460 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள நீல ஒளிக்கும், மற்ற வகை 540 நானோமீட்டரை ஒட்டிய பச்சை ஒளிக்கும் மிகுதியாகத் துலங்குகின்றன. மங்கிய வெளிச்சத்தில் வேலை செய்யும் கோல் செல்களின் உச்சம் 497 நானோமீட்டர். சிவப்பைப் பிரித்தறியும் மூன்றாவது வகை அங்கே இல்லவே இல்லை. ஆகையால் மான் கறுப்பு வெள்ளையில் பார்க்கிறது என்று வேட்டைக்காரர்களிடையே உலவும் பேச்சு தவறு. அது நீலத்தையும் மஞ்சளையும் பிரித்துப் பார்க்கிறது. சிவப்பு, ஆரஞ்சு, பச்சை ஆகியவற்றைத்தான் ஒரே குடும்பமாகப் பார்க்கிறது. சிவப்பு-பச்சை நிறக்குருடு உள்ள மனிதரின் பார்வைக்கு நெருக்கமானது இது. எங்களிடம் பணிபுரிந்த ஓட்டுநர் ஒருவருக்கு அந்தக் குறைபாடு உண்டு. பாதுகாப்புக்காகக் கழற்றிப் புல்மேல் போட்டிருந்த ஆரஞ்சு மேலங்கியை எடுத்துவரச் சொன்னபோது, நான் நின்ற இடத்திலிருந்தே கண்ணில் அடித்த அந்தத் துணியை அவர் இரண்டு முறை தாண்டிப் போனார். புத்தகத்தில் எத்தனையோ முறை படித்திருந்தும் மானின் பார்வை எனக்கு உறைத்தது அன்றைக்குத்தான். புலியின் செம்மஞ்சள் நிறம் நமக்குப் பளிச்சிட்டாலும் அது இரையாகக் கொள்ளும் மான்களுக்குப் பச்சைப் புதரோடு கலந்துவிடுவது இதனால்தான்.

உங்கள் ஆரஞ்சுக் குழப்பத்துக்கு விடையும் இங்கேயே இருக்கிறது. வேட்டை மேலங்கியின் ஒளிரும் ஆரஞ்சு 600 நானோமீட்டரை ஒட்டியது. மூன்று வகைக் கூம்பு செல்களுள்ள மனிதக் கண்ணுக்குக் காட்டில் அதைப் போன்ற நிறம் வேறு இல்லை. மானுக்கோ அது மங்கலான பழுப்பு மஞ்சள். ஒரே துணி ஒருவருக்குக் கூவி அழைக்கும் அடையாளம், மற்றொருவருக்கு வாடிய சருகு. அந்த விதி உங்களுக்கும் மானுக்கும் இடையிலான விவகாரமே அன்று. துப்பாக்கி ஏந்திய இன்னொரு மனிதருக்கும் உங்களுக்கும் இடையிலானது. விதியின் அளவு இடத்துக்கு இடம் வேறுபடும். எடுத்துக்காட்டாக, அமெரிக்காவின் கொலராடோவில் இடுப்புக்கு மேல் குறைந்தது 500 சதுர அங்குலமும், எல்லாத் திசையிலிருந்தும் தெரியும் தொப்பியும் வேண்டும். ஆரஞ்சிலேயே உருமறைப்பு அச்சிட்ட துணி அங்கே கணக்கில் சேராது. பென்சில்வேனியாவில் தலை, மார்பு, முதுகு சேர்த்து 250 சதுர அங்குலம். விஸ்கான்சின் 2016இல் ஒளிரும் இளஞ்சிவப்பையும் ஏற்றுக்கொண்டது. நீங்கள் போகும் இடத்தின் விதியை அவ்வாண்டுக்குரிய கையேட்டில் வரிக்கு வரி படித்துவிடுங்கள். நண்பர் சொன்னார் என்பது போதாது. மான் ஓடிவிடும் என்று பயந்து யாரும் மேலங்கியைக் கழற்ற வேண்டியதில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: நிறம் மறைந்தாலும் வெளிச்சம் மறைவதில்லை. ஒளிரும் துணி இருண்ட அடிமரத்தின் முன்னால் வெளிறிய ஒரு பெரிய திட்டாகத் தெரியக்கூடும். அது தானாக மானை விரட்டாது. நீங்கள் அசைந்தால், அந்த அசைவைப் பெரிதாக்கிக் காட்டும்.

நிறங்களில் நான் உண்மையிலேயே தவிர்க்கச் சொல்வது நீலத்தை. மானின் கண் கூர்மையாகத் துலங்கும் பகுதி அது என்பதோடு, காட்டின் பின்னணியில் நீலத்தைத் திருப்பி அனுப்பும் பொருள் மிகக் குறைவு. இலை, மண், பட்டை, காய்ந்த புல் எல்லாம் பச்சை, மஞ்சள், பழுப்பு வகையைச் சேர்ந்தவை. போதாததற்கு, மான்கள் நடமாடும் விடியலிலும் அந்தியிலும் வானிலிருந்து வரும் ஒளியே நீலம் மிகுந்தது. வெளுத்த நீல ஜீன்ஸ் அணிந்து, மேலே விலை உயர்ந்த உருமறைப்புச் சட்டை போட்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் சட்டைக்கு அழுத காசு வீண்.

இதை ஒட்டி வருவதுதான் சலவைத்தூள் விவகாரம். துணி வெள்ளை வெளேரென்று தெரிவதற்காகப் பெரும்பாலான சலவைத்தூள்களில் ஒளிர்வூட்டும் வேதிப்பொருள் சேர்க்கிறார்கள். கண்ணுக்குப் புலப்படாத புற ஊதா ஒளியை வாங்கி, நீல ஒளியாக வெளிவிடுவது அதன் வேலை. நம் விழிவில்லை புற ஊதாவைப் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. மான் வகை உட்படப் பல பாலூட்டிகளின் விழிவில்லை அதில் ஒரு பகுதியை உள்ளே விடுகிறது. பனிமான்கள் புற ஊதாவை உணர்கின்றன என்பது 2011இல் வெளியான ஆய்வில் காட்டப்பட்டது. பனி புற ஊதாவைத் திருப்பி அடிக்க, ஓநாயின் மயிரும் பனிமான்கள் உண்ணும் லைக்கன் என்ற பாசிக்காளானும் அதை உறிஞ்சிக்கொள்வதால், நமக்கு எல்லாம் வெண்மையாகத் தெரியும் வெளியில் அவற்றுக்கு அவை கருமையாகப் பிரிந்து தெரியும். இவ்வளவும் உறுதி. ஆனால், சலவைத்தூளின் மினுமினுப்பு ஒன்றே பகல் வெளிச்சத்தில் மானை மிரட்டி ஓட்டிவிடும் என்று சொல்லி, அதை அணைக்கும் திரவத்தைப் புட்டியில் அடைத்து விற்கிறார்களே, அந்த முடிவு ஐயத்துக்குரியது. என் அனுமானம், அது கவனத்தை ஈர்க்கும், அச்சத்தை ஊட்டாது என்பது. சோதித்துப் பார்ப்பது எளிது. இருட்டறையில் புற ஊதாக் கைவிளக்கை உடைமேல் காட்டுங்கள். நான் முதன்முதலில் பார்த்தபோது என் பழுப்புச் சட்டையின் துணி சாதுவாக இருண்டு கிடந்தது. கழுத்துப்பட்டையின் தையல் நூலும், உள்ளே வைத்துத் தைத்த அளவுச்சீட்டும் மட்டும் நீல நெருப்பாக எரிந்தன. அளவுச்சீட்டைக் கத்தரித்தேன், தூளை மாற்றினேன், அதோடு விட்டுவிட்டேன்.

இனி அச்சுக்கு வருவோம், ஏனென்றால் உங்கள் நண்பர் பணம் செலவழிக்கச் சொல்வது அதற்குத்தான். மானின் பார்வைக் கூர்மை நம்முடையதைவிடப் பல மடங்கு குறைவு. மூன்று மடங்கு குறைவு என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். நல்ல பார்வையுள்ள மனிதர் முப்பது மீட்டரில் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் அளவுள்ளவற்றைப் பிரித்தறிவார். அதே தூரத்தில் மானுக்கு அந்த எல்லை ஏறத்தாழ 3 சென்டிமீட்டர், நூறு மீட்டரில் 9. ஆகவே நரம்போடு வரைந்த கருவேல இலையும், பட்டையின் வெடிப்பும், குச்சியின் நிழலும் மானின் கண்ணில் ஒன்றோடொன்று கரைந்து, ஒரே சாயலுள்ள மனித அளவுத் திட்டாகிவிடுகின்றன. துணியைக் கையில் பிடித்துப் பார்க்கும் நமக்குத்தான் அது காடு. அச்சு வேலை செய்ய வேண்டுமானால் அதில் உள்ளங்கை அகலத்துக்குக் குறையாத பெரிய திட்டுகள், வெளிறியதும் கருத்ததுமாக, தோளையும் கையையும் குறுக்கே வெட்டிப்போக வேண்டும். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் இன்னெஸ் கட்ஹில்லும் உடன் ஆய்வாளர்களும் 2005இல் வெளியிட்ட சோதனை இதற்கு நல்ல சான்று. அட்டையில் முக்கோணமாக வெட்டிய போலி அந்துப்பூச்சிகளைப் புழுவோடு சேர்த்து மரப்பட்டையில் குத்தி வைத்தார்கள். ஒரே நிறங்களைப் பயன்படுத்தியும், கோலம் ஓரத்தை வெட்டிக்கொண்டு போனவை பறவைகளிடமிருந்து அதிகம் தப்பின, கோலம் உள்ளே மட்டும் இருந்தவை குறைவாகவே தப்பின. விளிம்பை உடைப்பதே உருமறைப்பின் உயிர். பழைய காலத்து வேட்டைக்காரர்கள் அணிந்த சிவப்பும் கறுப்பும் கலந்த கட்டம்போட்ட கம்பளிச் சட்டையை நினைத்துப் பாருங்கள். சிவப்பு மானுக்குக் கருமையாகத் தெரியும் என்பதால் மாறுபாடு நாம் காண்பதைவிடக் குறைவு; ஆனால் துணி சத்தமிடாது, மனிதக் கண்ணுக்குத் தூரத்திலேயே தெரியும். அவர்கள் கணக்குப் போடாமலே சரியாக உடுத்தியிருக்கிறார்கள்.

உங்கள் உடையைச் சோதிக்க நான் சொல்லும் வழி ஒன்று உண்டு. காத்திருக்கப்போகும் இடத்தில் நீங்கள் அமர்ந்திருக்க, முப்பது அடி தள்ளி நின்று ஒருவர் கைபேசியில் படம் எடுக்கட்டும். அதைக் கறுப்பு வெள்ளையாக்கி, கட்டைவிரல் நகத்தளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். மனிதர் இருக்கிறார் என்று உடனே தெரிந்தால் உடையோ இடமோ சரியில்லை. பெரும்பாலும் இடம்தான் சரியிருக்காது. தோளைவிட அகலமான அடிமரம் முதுகுக்குப் பின்னால் இருந்து, மேலே நிழலும் இருந்தால் வெறும் சாம்பல் நிறச் சட்டையே மறைந்துவிடும். மேட்டின் விளிம்பில் வானத்தைப் பின்னணியாக வைத்து நின்றால் உலகிலேயே விலை உயர்ந்த உடையும் உங்களைக் காப்பாற்றாது. படத்தில் இன்னொன்றும் தெரியும்: முகமும் கைகளும். எந்த நிறத் தோலானாலும் வியர்வை படிந்த நெற்றியும் மூக்கும் மினுங்கும், கைகளோ எப்போதும் எதையாவது செய்துகொண்டிருக்கும். முகத்துக்கு ஒரு வலைத்துணி, கைக்கு மெல்லிய உறை என்று கொஞ்சம் செலவழித்தால், முழு உடைத் தொகுப்பைவிட அதிகப் பலன் கிடைக்கும் என்பது என் கருத்து. கைக்கடிகாரத்தின் கண்ணாடியைச் சட்டைக்கைக்குள் தள்ளிவிடுங்கள்.

அசைவைப் பற்றி நான் கற்றதில் பெரும்பகுதியை ஒரே ஒரு பெண்மானிடம் கற்றேன். காதில் அடையாளத் தட்டு மாட்ட வேண்டிய மான் அது. நான் பழைய சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையில், வேலை உடுப்பு துவைக்கப் போயிருந்ததால், ஓர் அடிமரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். மடியில் மயக்க ஊசித் துப்பாக்கி. இருபத்தைந்து மீட்டரில் வந்து நின்றது. என்னை நேராகப் பார்த்தது. காதுகள் இரண்டும் முன்னால் திரும்பின. முன்னங்காலை ஓங்கித் தரையில் ஒரு தட்டு தட்டியது. மேய்வதுபோல் தலையைத் தாழ்த்திவிட்டு, பாதியிலேயே சட்டென்று தூக்கியது. அசைந்து மாட்டிக்கொள்வேனா என்று சோதிக்கும் தந்திரம் அது. நான் கொக்கைப் போல இருந்தேன். மூன்று நான்கு நிமிடம் கழித்து வாலை ஒருமுறை ஆட்டிவிட்டு மெய்யாகவே மேயத் தொடங்கியது. அந்த நேரத்தில் ஒரு கொசு என் கன்னத்தில் உட்கார்ந்தது. விரலால் தட்டிவிட ஒரு சாண் உயரம் கையைத் தூக்கினேன், அவ்வளவுதான். கண்ணுக்கு எதிரே முழு மனிதன் உட்கார்ந்திருந்ததை நான்கு நிமிடம் பார்த்தும் கண்டுகொள்ளாத மான், ஒரு சாண் அசைவுக்குக் காட்டையே காலி செய்துகொண்டு போனது. இதற்குக் காரணம் கண்ணின் அமைப்பில் இருக்கிறது. நமக்கு விழித்திரையின் நடுவில் ஒரு புள்ளியில் கூர்மை குவிந்திருக்கிறது. மானுக்கு அது அடிவானத்துக்கு இணையான பட்டையாகப் பரவியிருக்கிறது. தலையைத் திருப்பாமலே ஏறத்தாழ 300 பாகை சுற்றுவட்டத்தைக் கவனிக்கிறது. நுணுக்கத்தை விட்டுக்கொடுத்து, அகலத்தையும் அசைவையும் வாங்கிக்கொண்ட கண் அது. உருமறைப்பு அசைவுக்கு முன் தோற்கும் என்பதை மனிதர்களைத் திரைமுன் அமர்த்திச் செய்த சோதனைகளும் காட்டியிருக்கின்றன; கோலம் எதுவானாலும், நகரத் தொடங்கியதும் இலக்கு கண்ணில் பட்டுவிடுகிறது. அசைந்தே தீரவேண்டுமென்றால் மானின் தலை மரத்துக்குப் பின்னால் மறையும் நொடிக்குக் காத்திருங்கள்.

காற்றைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அதில் ஐயம் எதுவும் இல்லை. உங்கள்மேல் பட்ட காற்று மானிடம் போனால் ஆட்டம் முடிந்தது. பார்த்துப் பயந்த மான் சில வேளை நின்று திரும்பிப் பார்க்கும், வாடை பிடித்த மான் நிற்பதில்லை. காற்று உங்கள் முகத்தில் படும்படி நகருங்கள். சரிவான நிலத்தில் வெயில் ஏற ஏற வெப்பமடைந்த காற்று மேல்நோக்கி எழும், மாலை குளிரும்போது பள்ளத்தை நோக்கி இறங்கும். ஆகையால் காலையில் சரிவின் மேற்பகுதியிலும் மாலையில் கீழ்ப்பகுதியிலும் உட்காருவது பொதுவாகப் பொருந்தும். ஒரு சிறிய புட்டியில் நுண்ணிய தூளை வைத்துக்கொண்டு அவ்வப்போது ஊதிப் பாருங்கள். கரி அடைத்த வாடைத்தடுப்பு உடைகளை நம்பிக் காற்றை மறந்துவிட வேண்டாம். கரி வாடையை உறிஞ்சும் என்பது உண்மை. நிறைந்தபின் அதைப் புதுப்பிக்க வீட்டுத் துணி உலர்த்தியின் சூடு போதாது என்பதும் உண்மை.

பறவைகள் என்றால் மேலே சொன்னதில் பாதியை மறந்துவிடுங்கள். பகலில் இயங்கும் பெரும்பாலான பறவைகளுக்கு நிறம் அறியும் கூம்பு செல்கள் நான்கு வகை. நான்காவது ஊதாவையோ புற ஊதாவையோ பார்ப்பது. வாத்துக்கும் வான்கோழிக்கும் ஆரஞ்சு ஆரஞ்சாகவே தெரியும். மல்லார்ட் வாத்து தலையைத் திருப்பாமல் தன்னைச் சுற்றிலும் ஏறக்குறைய முழு வட்டத்தையும் பார்க்கிறது. இங்கே நிறமும் பின்னணியும் பொருந்திய உடையும், முகத்தை மூடுவதும் உண்மையிலேயே முக்கியம். வாத்து தலைக்குமேல் வட்டமிடும்போது ஆவலில் நிமிரும் முகங்களைத்தான் அது முதலில் பார்க்கிறது என்று அனுபவமுள்ளவர்கள் எல்லாரும் சொல்வார்கள். இதன் மறுபக்கம் ஆபத்தானது. வான்கோழிச் சேவலின் தலை சிவப்பும் வெள்ளையும் நீலமும் கலந்தது. அந்த நிறங்களில் ஒரு கைக்குட்டை வெளியே தெரிந்தாலும், முழுதாக மறைந்திருக்கும் உங்களை இன்னொரு வேட்டைக்காரர் பறவை என்று எண்ணிச் சுடக்கூடும். ஆகவே அந்த நிறங்களை உள்ளாடையில்கூட அணியாதீர்கள் என்று பயிற்சி வகுப்புகளில் சொல்லிக் கொடுக்கிறார்கள். பறவையைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது ஆரஞ்சுத் துணியைச் சுற்றிக்கொள்ள வேண்டும்.

இது வியாபாரமா என்று கேட்டீர்கள். பாதி அப்படித்தான். பழைய வழக்கம் ஸ்காட்லாந்தின் வேட்டைக் காவலர்களுடையது. அவர்கள் கந்தல் துணியும் புல்லும் செருகிய உடையில் மானை நெருங்கினார்கள், அவர்களைச் சேர்த்து 1900இல் அமைக்கப்பட்ட லோவட் சாரணர் என்ற பிரிட்டிஷ் படையோடு அந்த உடை போர்க்களத்துக்குப் போனது. 1915இல் பிரெஞ்சு ராணுவம் ஓவியர்களைக் கொண்டு உருமறைப்புப் பிரிவு தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க மரைன் படை வீரர்கள் அணிந்த தவளைத்தோல் அச்சை வரைந்தவர் நார்வெல் கில்லெஸ்பி என்ற தோட்டக்கலை வல்லுநர். போர் முடிந்ததும் மிஞ்சிய உடுப்புகளை வாத்து வேட்டைக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். வேட்டைக்கென்றே இலையும் பட்டையும் அச்சிட்ட துணிகள் பெருவணிகமானது அதற்கும் பின்னால்தான்; ரியல்ட்ரீ, மாஸி ஓக் என்ற நிறுவனங்கள் இரண்டும் 1986இல் தொடங்கியவை. அந்தத் துணியைத் தேர்ந்தெடுப்பது கடையில் நிற்கும் மனிதக் கண் என்பதால், அச்சும் மனிதக் கண்ணைக் கவரும்படியே வளர்ந்தது. பிற்காலத்தில் மானின் பார்வையைக் கணக்கில் எடுத்து, பெரிய திட்டுகளும், கணினிப் படத்தின் புள்ளிகளைப் போன்ற சதுரக் கட்டங்களும் கொண்ட அச்சுகளைச் சிலர் கொண்டுவந்தார்கள்; கோட்பாட்டளவில் அவை சரியான திசையில் போகின்றன. அவற்றை அணிந்தவர் அதிக மானை வீழ்த்துவார் என்று விளம்பரத்தில் சொல்வதை மட்டும் நான் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. அத்தகைய உடைக்குப் பெரும்பணம் கொடுத்தவர் காற்றையும் பார்க்கிறார், அசையாமலும் உட்காருகிறார். பலன் எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்வது கடினம்.

கடைசியாக, உங்களிடம் இருக்கும் பழைய ராணுவப் பாணி உடுப்பு. பெரிய திட்டுகள் கொண்டதாக இருந்தால் அது மானுக்குத் தாராளமாகப் போதும், அதன்மேல் விதி சொல்லும் ஆரஞ்சைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒளிர்வூட்டி சேராத, வாசனை இல்லாத சோப்பில் துவைத்து வெளியிலேயே உலர்த்துங்கள். அணிந்துகொண்டு வீட்டுக்குள் நடந்து பாருங்கள். மான் நம் காதுக்கு எட்டாத உயர் ஒலிகளையும் கேட்கும் என்பதால் தொடையோடு தொடை உரசிச் சரசரக்கும் நைலானையும், கிழிவதுபோல் சத்தமிடும் வெல்க்ரோ ஒட்டுப்பட்டையையும் நான் அஞ்சும் அளவுக்கு எந்த நிறத்தையும் அஞ்சுவதில்லை. வெல்க்ரோவைப் பிரித்துவிட்டுப் பொத்தான் தைத்துக்கொள்ளலாம். வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதாக இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள்: பார்படோஸ், ஜமைக்கா போன்ற சில நாடுகளில் ராணுவ உருமறைப்பு உடையைப் பொதுமக்கள் அணிவது குற்றம், விமான நிலையத்திலேயே பறிமுதல் செய்துவிடுவார்கள்.